தீர்மானத்தாரும் முழுக்குச் சபையும்

மலைநாட்டில் மனிதனைக் களைப்படையச் செய்ய ஏற்றம் இருக்கிறது, மழை இருக்கிறது, துரைமார் இருக்கிறார்கள். இவை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தராசில் வைத்தாலும், மறு தட்டில் தீர்மானத்தார் ஏறி உட்கார்ந்தால் மூட்டைதான் மேலே போகும்.

அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் வழியில் இருந்த எங்கள் சின்னக் கடைவீதியின் கீழ்க்கோடியில், ஒரு தகரக் கொட்டகையில் அவர் பட்டறை. தேயிலைச் செடியை வெட்டி மட்டப்படுத்தும் கவ்வாத்துக் கத்திகளைத் தீட்டிக் கொடுப்பது தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைத் தீட்டுவது ஊழியம்.

நான் அப்போது பக்கத்துத் தோட்டத்து ஆபிசில் இளைய கிளாக்கர். எதையும் நாள், கிழமையோடு குறித்து வைக்கும் பழக்கம் சிறு வயதிலிருந்தே எனக்கு உண்டு. ஆனால் இந்த மனிதரைப் பற்றி ஒரு வரிகூடக் குறித்து வைக்கவில்லை. நேரமில்லை. அவர் கூட்டிய கூட்டங்களில் உட்கார்ந்திருந்தேன். ஆகவே வாசகர்கள் என்னிடம் தேதி கேட்க வேண்டாம். தேயிலை விலை விழுந்ததற்கும் யுத்தம் மூண்டதற்கும் இடைப்பட்ட காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது பாப்திஸ்து சபை. கடைவீதியில் எங்களுக்கு 'முழுக்குக்காரங்க' என்று பெயர். பெரிய ரோட்டோரத்தில் கல்லால் கட்டிய கோயில் வைத்திருந்தவர்கள் 'தெளிப்புக்காரங்க'. அவர்கள் குழந்தையின் தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுப்பார்கள். நாங்கள் விவரம் தெரிந்த வயதில் விசுவாசித்து வருகிறவரை ஓடையில் இறக்கி முழுசாக முக்கி எடுப்போம்.

ஊருக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான். தீர்மானத்தாருக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது ஒன்று உண்டு. எங்கள் சபைக்கு மேலே ஆளில்லை. பிஷப் இல்லை, பேரவை இல்லை. கொழும்பில் ஒரு மிஷன் துரை இருந்தார். அவர் யோசனை சொல்லலாம், உத்தரவு போட முடியாது. சபையார் தாங்களே கூடி, கை தூக்கி, தங்கள் காரியத்தைத் தாங்களே முடிவு செய்ய வேண்டும். இந்த உரிமைக்காகச் சீமையில் மனிதர்கள் சிறைக்குப் போனார்கள் என்று பிற்காலத்தில் படித்தேன். எங்கள் பக்கத்தில் இதற்காக மத்தியானச் சோறு ஆறிப்போனது.

ஒரு ஆடி மாதத்து ஞாயிறு. மலைமேல் எங்கள் தகரக் கொட்டகை ஜெபவீட்டில் உபதேசியார் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போது மேற்கு ஜன்னல் வழியாகச் சாரல் உள்ளே அடித்தது. மார்த்தா அக்கா எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனாள். கொழுந்து பறிக்கிறவள், எதையும் யோசித்துச் செய்கிற ரகமல்ல.

"அக்கா, நில்லு!" என்றார் தீர்மானத்தார். "அந்த ஜன்னல் சபையோட ஜன்னல். மூச்சு முட்டுதுன்னு அத தொறந்து வைக்கச் சொன்னது யாரு? சபை. சாத்தறதுன்னாலும் சபைதான் சொல்லணும்."

"நனையுதே ஐயா!"

"நனையிறவங்க கை தூக்குங்க."

தூக்கினோம். சாத்த வேண்டாம் என்பவர்கள் யார் என்றும் கேட்டார். மழைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இருவர் தூக்கினார்கள். அவர்கள் பக்க நியாயத்தையும் கேட்க வேண்டும் என்றார். கேட்டு முடித்தபோது மழை நின்றிருந்தது. ஜன்னலைச் சாத்துவது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. வெயிலில் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனோம்.

தை மாதத்து ஞானஸ்நானத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் குளிர்கிறது. சின்னக் கங்காணி தாவீதுக்கு முழுக்கு. புல்லெல்லாம் பனி வெளுத்துக் கிடந்த காலை. ஓடை தேங்கி நிற்கும் குட்டையில், வெள்ளை வேட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் தாவீது நிற்கிறார். உபதேசியார் ஒரு கையை அவர் முதுகுக்குக் கொடுத்து, மறு கையை உயர்த்தி, "பிதா..." என்று தொடங்கிவிட்டார்.

கரையிலிருந்து குரல் வந்தது. "உபதேசியாரே, சபை சொன்னது மேல் குட்டை. இது கீழ் குட்டை."

"மேல் குட்டையில அட்டை ஜாஸ்தி ஐயா" என்றார் உபதேசியார், உயர்த்திய கையை இறக்காமல்.

"இருக்கட்டும். அட்டைக்காகத் தீர்மானம் மாறுமா? மாத்தணும்னா சபை மாத்தட்டும்."

தாவீதின் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கரையில் கேட்டது. "ஐயா, முக்குறீங்களா, நான் மேல ஏறவா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. காலு இருக்கான்னே தெரியல."

கரையிலேயே சபைக்கூட்டம் நடந்தது. கீழ் குட்டை செல்லும் என்று முடிவாகி, தாவீது ஒருவழியாக முழுகி எழுந்தபோது உடம்பு நீலம் பாரித்திருந்தது. அதிசயம் என்னவென்றால், அன்றிலிருந்து தீர்மானத்தாரின் முதல் சீடர் அவர்தான். "எனக்காக அத்தன பேரு குளிருல நின்னு பேசுனாங்களே கிளாக்கரய்யா. தோட்டத்துல எனக்காக யாரு எப்ப பேசியிருக்கா?" என்பார்.

மன்னருக்கு வெள்ளிவிழா வந்தது 1935இல். இது உலகம் அறிந்த தேதி, துணிந்து எழுதுகிறேன். தோட்டத்துத் துரை ஆள் அனுப்பினார். எல்லாக் கோயிலிலும் மன்னருக்காக ஜெபம் செய்ய வேண்டும், பிறகு பாக்டரி முற்றத்துக்கு வந்து ஆளுக்கொரு பனிசு ரொட்டியும் தேத்தண்ணியும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று.

"ராஜாவுக்காக ஜெபிக்க எனக்கு மனசார சம்மதம்" என்றார் தீர்மானத்தார். "ஆனா துரை சொல்லி ஜெபிச்சா அது பெரட்டு. சபை சொல்லி ஜெபிச்சாத்தான் ஜெபம்."

பெரட்டு என்பது விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புவது. அதை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர்களிடம் அந்தச் சொல்லைப் போட்டால் மறு பேச்சு எழாது. ஜெபிப்பது என்று முதல் தீர்மானம். நின்று ஜெபிப்பதா, முழங்கால் போடுவதா என்று இரண்டாவது. மன்னருக்கு மட்டுமா, மன்னர் வீட்டாருக்கும் சேர்த்தா என்று மூன்றாவது. ஜெபித்து முடித்து மலையிறங்கிப் போனபோது பாக்டரி முற்றத்தில் காகிதக் கொடிகளும் காலி வாளியும் இருந்தன. மார்த்தா அக்கா வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ராஜா நல்லா இருக்கட்டும்" என்றாள்.

ஒருநாள் பொறுக்காமல் நான் பட்டறைக்கே போய்க் கேட்டேன், எதற்காக எங்களை இப்படி வதைக்கிறீர்கள் என்று. சாணைச் சக்கரத்தை நிறுத்திவிட்டுப் பேசினார்.

"கிளாக்கரய்யா, ஆறு நாளும் ஒருத்தன் சொல்றான், நம்ம ஆளுங்க செய்யிறாங்க. பெரட்டுக்கு வாங்கறான், வர்றாங்க. அந்த மலைக்குப் போங்கறான், போறாங்க. ஏழாவது நாளாச்சும் ஒருத்தன் அவுங்ககிட்ட 'நீ என்னா நெனைக்கிற'ன்னு கேக்க வேணாமா? இந்த உலகத்துல மார்த்தாகிட்ட அப்பிடிக் கேக்குறது மேல இருக்குற நம்ம ஜெபவீட்டுத் தகரக் கொட்டா ஒண்ணுதான்."

பெண்களுக்குச் சபையில் கை தூக்கும் உரிமை வேண்டும் என்று முன்பு சண்டை போட்டதும் அவர்தான். ஆண்கள் முணுமுணுத்தபோது, "தண்ணிக்குள்ள முழுகி எந்திரிச்ச கையில ஆம்பளக் கை, பொம்பளக் கைன்னு இருக்கா?" என்று கேட்டார். அது மட்டும் விவாதமில்லாமல் நிறைவேறியது.

யுத்தத்துக்குச் சற்று முந்திய ஆண்டுகளில் எல்லாம் தளர்ந்தது. உபதேசியார் மார்பு வலியோடு திருச்சிப் பக்கம் ஊருக்குத் திரும்பினார். ஆட்குறைப்பில் பல குடும்பங்கள் கப்பலேறின. காற்றில் ஜெபவீட்டுக் கூரைத் தகரம் இரண்டு பறந்து தேயிலைக்குள் விழுந்தன. மிஞ்சிய நாங்கள் தகரம் இருந்த பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்தோம். எங்கள் ஜெபவீடு மலையின் மேல் மடிப்பில் இருந்தது. வாரம் முழுக்கக் கூடை சுமந்த கால்கள் ஞாயிற்றுக்கிழமையும் அந்த ஏற்றத்தை ஏற வேண்டும்.

அப்போதுதான் ரோட்டோரக் கோயில் குருவானவர் அழைப்பு அனுப்பினார். எல்லோரும் எங்களோடு வந்துவிடுங்கள், இரண்டு சபையும் ஒன்றாகட்டும், உங்கள் முழுக்கை நாங்கள் குறை சொல்ல மாட்டோம் என்று. நல்ல மனிதர். அந்தக் கோயில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கூரை ஒழுகாது.

என்ன செய்வதென்று மிஷன் துரையைக் கேட்டோம். ரயிலேறி ஹட்டனுக்கு வந்து, அங்கிருந்து நனைந்துகொண்டே மலையேறினார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, "சகோதரர்களே, நீங்கள் சுயாதீன சபை. நான் எதுவும் சொல்வதற்கில்லை. நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்" என்று அழகான தமிழில் சொல்லிவிட்டுத் திரும்ப இறங்கிப் போனார்.

"இத சொல்லவா அங்கிருந்து வந்தாரு?" என்றாள் மார்த்தா அக்கா.

தீர்மானத்தாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவருக்கு அதைவிட நல்ல செய்தி வந்திருக்க முடியாது. ஆனால் அன்று மாலை பட்டறையில் அவர் சாணை சுற்றவில்லை. ஜெபவீட்டின் தூண்களைத் தோளில் சுமந்து மேலே ஏற்றியவர் அவர். அது போனால் அவருக்கு வேறு இடமில்லை. அங்கே அவர் சொன்னால் நின்று கேட்டார்கள். மற்ற இடங்களில் அவர் கத்தி தீட்டுகிறவர்.

வீடு வீடாகப் போனார். லயம் லயமாக வாதாடினார். "நாளைக்கு அங்க போனா ஒன்ன யாரு கேப்பா? குருவானவரு சொல்லுவாரு, நீ தலையாட்டுவ."

"ஆட்டிட்டுப் போறேன் ஐயா" என்றாள் மார்த்தா அக்கா. "ஆறு நாளு ஒடம்பு நோக வேல. ஏழாவது நாளு மூள நோக வேல. ஒரு நாளாச்சும் வேற யாராச்சும் முடிவு பண்ணட்டுமே. நான் செத்த நேரம் கண்ண மூடி ஒக்காந்திருக்கேன்."

அவர் எழுந்து, அடுத்த வீட்டுக்குப் போகாமல் பட்டறைக்குத் திரும்பினார்.

வாக்கெடுப்பு நாள் வந்தது. உபதேசியார் இல்லாததால் நான்தான் முன்னால் நின்றேன். இந்தச் சபையில் ஒரு விதி உண்டு, அவரே வற்புறுத்தி வைத்த விதி: இரு பக்கமும் சமமாக வந்தால் பழைய நிலையே தொடரும்.

இணைய வேண்டும் என்பவர்கள் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். அதில் எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை. அந்த ஏற்றம் அப்படி. வேண்டாம் என்பவர்கள் தூக்கினார்கள். தாவீதுக் கங்காணி பயத்தில் இரண்டு கையையும் தூக்கிவிட்டு ஒன்றை இறக்கிக்கொண்டார். எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன்.

"சமம்" என்றேன்.

கங்காணி துள்ளி எழுந்தார். "சமம்னா பழைய நெலமதான்! சபை நின்னுருச்சு! ஸ்தோத்திரம்!"

அவ்வளவோடு முடிந்திருக்க வேண்டும். வேறு எந்த மனிதராக இருந்தாலும் அந்த இடத்தில் ஜெபம் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருப்பார். தீர்மானத்தார் எழுந்து நின்று, பெண்கள் பக்கம் பார்த்தார்.

"இருங்க. ரெண்டு பக்கமும் தூக்காத கை ஒண்ணு இருக்கு."

எல்லோரும் திரும்பினோம். கடைசி வரிசையில், கம்பளிக்குள் கையை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவருடைய மனைவி ராகேலம்மா.

"என்னைய விட்டுருங்க" என்றார் ராகேலம்மா மெதுவாக.

"விட முடியாது ராகேலு. சபையில ஒரு கையும் சும்மா கெடக்கக் கூடாது. இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ."

"வேணாங்க. சமமாவே இருந்துட்டுப் போகட்டும். ஒங்களுக்கு நல்லதுதானே."

"எனக்கு நல்லதான்னு யாரு கேட்டா? ஒனக்கு என்னா தோணுதுன்னு சபை கேக்குது."

ராகேலம்மா கம்பளியை விலக்கினார். "முட்டி வலிக்குதுங்க. இந்த ஏத்தம் என்னால முடியல. ஒங்களுக்கு எதிரா இல்ல" என்று சொல்லி, இணையும் பக்கத்துக்குக் கையைத் தூக்கினார்.

கங்காணிதான் முதலில் பதறினார். "இது செல்லாது! கிளாக்கரய்யா எண்ணி முடிச்சுட்டாரு. ஐயா, நீங்க ஒரு வார்த்த சொன்னா அம்மா கைய எறக்கிருவாங்க!"

"அது அவ கை" என்றார் தீர்மானத்தார். "என் கை இல்ல." பிறகு என்னைப் பார்த்து, "சொல்லுங்க கிளாக்கரய்யா, சத்தமா. சேர்றதுன்னு தீர்மானம்" என்றார்.

நான் வாய்க்குள்ளேயே சொன்னேன். சத்தமாக அவரே சொன்னார்.

அடுத்த ஞாயிறே எல்லோரும் ரோட்டோரக் கோயிலுக்குப் போனோம். குருவானவர் எங்களை வரிசையாக நிற்க வைத்து, ஒரே ஜெபத்தில் சேர்த்துக்கொண்டார். தீர்மானத்தாரும் வந்தார். சபையின் தீர்மானத்தை மீறுகிறவர் அல்ல அவர். ராகேலம்மாவின் கையைப் பிடித்துப் படியேற்றி உள்ளே விட்டுவிட்டு, வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

"உள்ளே வாருங்கள் ஐயா" என்றார் குருவானவர்.

"சபை என்னைய ஏத்துக்கிச்சுங்களா?"

"நான் ஏற்றுக்கொண்டேனே."

"நீங்க ஒரு ஆளு சாமி. நான் சபையக் கேக்குறேன். ஒரு மனுசன உள்ள எடுக்குறதுன்னா சபையில கேட்டு எடுக்கணும். நீங்க எல்லாரையும் கொழுந்து நிறுக்குற மாதிரி மொத்தமா வாங்கிட்டீங்க."

"எங்களில் அப்படி வழக்கமில்லையே."

"தெரியும் சாமி. நான் இங்கயே நிக்கிறேன். நல்லாத்தான் கேக்குது."

அன்று நின்றவர், ஞாயிறுக்கு ஞாயிறு நின்றார். கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, வாசற்படியில். பாட்டு வந்தால் வெளியிலிருந்து பாடுவார். ஆர்மோனியத்துக்கு அரை வரி பின்னால் வரும் அந்தக் குரல். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு சிரிப்பாக இருந்தது, பிறகு எல்லோரும் களைத்துப்போனோம். எதிர்க்கடை முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், கடையில் இருந்தபடியே கத்துவார். "தீர்மானம் ஐயா! உள்ளுக்கு அவங்க தெளிக்கிறாங்க, வெளியில மழை ஒங்களுக்கு முழுக்கே குடுக்குது. ரெண்டுல எது பெரிசு?"

"மழை என்கிட்ட சம்மதம் கேக்கலயே நானா" என்று இவரும் பதில் கத்துவார்.

குருவானவர் கெஞ்சிப் பார்த்தார். ராகேலம்மா கோபித்துப் பார்த்தார். "நான்தானங்க கை தூக்குனேன், என் மேல உள்ள கோவத்த மழை மேல காட்டுறீங்களா?" என்று அவர் அழுதபோது, "ஒன் மேல எனக்கென்னா கோவம்? நீ ஒருத்திதான் நான் சொன்னத வெளங்கிக்கிட்டவ" என்றாராம். ஆனாலும் உள்ளே வரவில்லை.

மழைக்காலம் வந்தது. அவருக்கு இருமல் வந்தது. ஒரு ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவில் வெளியே இருமல் நிற்கவேயில்லை. குருவானவர் ஒரு வாக்கியத்தை மூன்று முறை தொடங்கினார். ராகேலம்மா தலையைக் குனிந்துகொண்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

கண்ணை மூடி உட்கார்ந்திருந்த மார்த்தா அக்கா எழுந்து நின்றாள். அந்தக் கோயிலில் பிரசங்கத்தின் நடுவில் யாரும் எழுந்ததில்லை, அதிலும் கொழுந்து பறிக்கிற ஒரு பெண்.

"சாமி, செத்த நிறுத்துங்க" என்றாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, கொழுந்து மலையில் கூப்பிடும் அதே குரலில், "இந்த ஆளு வெளிய நின்னே செத்துருவாரு போல. இவர உள்ள எடுத்துக்கலாம்னு நெனைக்கிறவங்க கை தூக்குங்க" என்றாள்.

முதலில் ராகேலம்மாவின் கை எழுந்தது. பிறகு கங்காணி. இந்த முறை இரண்டு கையையும் தூக்கி, இறக்கவேயில்லை. இனி வாழ்நாளில் கை தூக்க மாட்டோம் என்று நிம்மதியாக இருந்த முழுக்குக்காரர் எல்லோரும் தூக்கினோம். தெளிப்புக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆர்மோனியக்காரர் வாசிக்கும் கையை எடுத்துத் தூக்கினார். அவரைப் பார்த்து அவருக்குப் பின்னால் இருந்தவர்கள். கடைசியில் பீடத்திலிருந்து குருவானவரும், இது எதில் போய் முடியுமோ என்ற முகத்தோடு, தன் வெள்ளை அங்கியின் கையைக் கொஞ்சமாக உயர்த்தினார்.

வாசற்படியில் கம்பளிக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அவர் எண்ணினார். சத்தியமாக, இருமிக்கொண்டே வரிசை வரிசையாக எண்ணினார்.

"எதிர்ப்பு யாராச்சும்?" என்று கேட்டார்.

"யாருமில்ல" என்றார் ராகேலம்மா. "வந்து ஒக்காருங்க."

அவர் கம்பளியைக் கழற்றி, படியில் பிழிந்து, உதறி மடித்தார். உள்ளே வந்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட நடுவழியில் நடந்துபோய் எங்களோடு உட்கார்ந்தார். பிரசங்கம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. எல்லோரும் கையை இறக்கிவிட்டார்கள். எனக்கு மட்டும் கொஞ்ச நேரம் இறக்க மனம் வரவில்லை.